ஹிசாசானின் இளம் ஊதா மேலங்கி

நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்கு வேறு யாரும் கவனிக்கவில்லை. ஹிசாசான் மட்டும்தான் கவனித்தார்.

ஐரிஸ் தோட்டத்துப் பலகைப் பாலம் தொடங்கும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். ஜூன் பதினான்காம் தேதி, மழை. என் கையில் தோட்டத்து எண்ணெய்க் காகிதக் குடை. பெரிய குடைதான், ஆனாலும் இரண்டு பேருக்குப் போதாது. அவர் உடுத்தியிருந்தது பட்டு. ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். அதனால் குடையை அவர் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தேன். என் தோள் முழுக்க நனைந்து, பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. ஹிசாசான் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தான் போட்டிருந்த இளம் ஊதா மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டு, கழுத்துப் பக்கம் மடிப்பையும் சரிசெய்துவிட்டார்.

"ஐயோ, வேண்டாங்க. அழுக்காயிடும்."

"ஆகட்டும். நடங்க, கோயில் மணி அடிக்கப் போகுது."

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குப் பதினேழு. அதற்கு முன்னால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது.

இந்த மார்ச்சில் ஓர் அஞ்சலட்டை வந்தது. அக்கா ஹிசா பனிக்காலம் முடியும் முன்பே காலமானார், உயிரோடு இருந்தபோது நீங்கள் காட்டிய அன்புக்கு நன்றி என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். நான் காட்டிய அன்பு எப்படிப்பட்டது என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. தொடக்கப்பள்ளியோடு நின்றவள் நான். ஆனாலும் ஹிசாசானைப் பற்றித் தெரிந்ததை எழுதி வைக்க என்னைத் தவிர யாரும் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

அன்றைக்கு அவர் தோட்டத்துக்கு வந்தது பூப்பார்க்க அல்ல. பெண் பார்க்கும் நாள் அது. மாப்பிள்ளை தோட்டத்துக் குடிசையில் உட்கார்ந்து, சும்மா வந்தவர்போலத் தேநீர் குடிப்பார். பெண் சும்மா வந்தவள்போலப் பலகைப் பாலத்தில் நடந்துபோவாள். எந்த நிற மேலங்கியில் வருவாள் என்று மட்டும் தரகர் முன்னாலேயே சொல்லியிருப்பார். ஒரு வார்த்தை பேச்சில்லை. பிடித்திருந்தால் சேதி வரும். பிடிக்காவிட்டால் இரண்டு பேரும் அன்றைக்குப் பூப்பார்த்ததோடு சரி. யாருக்கும் தலைகுனிவு இல்லை.

தரகம்மா ஓகுமெசான் எங்கள் தோட்டத்து முதலாளியிடம் வந்து, குடை பிடிக்க ஒரு பெண்ணை இரவலாகக் கேட்டார்.

"பொண்ணோட அம்மாதானே கூட நடக்கணும்?" என்றார் முதலாளி.

"அந்தம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்க இந்தப் பலகைமேல நடந்தா மாப்பிள்ளை பொண்ணையா பாப்பாரு? அம்மா எப்ப தண்ணிக்குள்ள விழுவாங்கன்னுதான் பாத்துக்கிட்டிருப்பாரு!"

முதலாளி சிரித்துவிட்டு என்னைக் கைகாட்டினார். நான் பன்னிரண்டு வயதிலேயே அங்கே வேலைக்கு வந்தவள். ஐரிஸ் பூ ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள்தான் ஆயுசு. நான்காம் நாள் விடிந்ததும், வருகிறவர்கள் கண்ணில் படுவதற்குள் வாடிய பூவைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அதே தண்டில் அடுத்த மொட்டு காத்திருக்கும். ஜூன் முடியும்வரை எங்கள் விரல்நுனிகள் ஊதாவாகவே இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

கோயிலில் இரண்டு மணி அடித்தது. நாங்கள் நடந்தோம். பாலம் நேராகப் போகாது, எட்டு இடத்தில் மடங்கும். குடிசைக்கு எதிரே உள்ள மடிப்பில் கொஞ்சம் நிற்கச் சொல்லியிருந்தார் ஓகுமெசான். நின்றோம். குடை ஹிசாசானை முகத்திலிருந்து மார்புவரை மறைத்துக்கொண்டிருந்தது. நான் மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு, அவருடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. பட்டு நனையக் கூடாது, பலகை வழுக்கக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு. குடிசையில் காது பெரிதாக ஒரு மெல்லிய ஆள் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் சேதி வந்துவிட்டது. ஓகுமெசான் ஒரு பெட்டி இனிப்போடு வந்து முதலாளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இலையுதிர் காலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ரியோகிச்சி. ரயிலில் நான்கு நிறுத்தம் தள்ளி, அரிசித் தட்டை சுட்டு விற்கும் கடை வைத்திருந்தார். அதே பனிக்காலத்தில் தோட்டத்து வயலாள் யாய்ச்சிக்கு என்னைக் கொடுத்தார்கள். நான் எங்கேயும் போகவில்லை. தோட்டத்துப் பின்வரிசை வீட்டுக்கு மாறினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஜூனில், அதே பதினான்காம் தேதி, கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும் வந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் நாங்கள் துண்டைத் தலையில் கட்டி அதன்மேல் கோரைத் தொப்பி போட்டிருப்போம். மூக்கும் வாயும்தான் வெளியே தெரியும். தேநீர் கொண்டுபோய் வைத்தேன். ஹிசாசான் நன்றி சொன்னார். இப்படியும் ஒரு ஜோடி, பார்த்த இடத்தை மறக்காமல் வருகிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஓகுமெசானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மாவுக்குக் குரல் பெரிது. நான் தட்டோடு போகும்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ரியோகிச்சிசான், அன்னிக்கு நீங்க சொன்னத இன்னிக்கும் போற வீட்டுல எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்! எத்தன கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன், ஒருத்தன் வாயிலயாவது இப்படி ஒரு வார்த்தை வந்திருக்கா?"

"அப்படி என்ன சொன்னாரு?" என்று ஹிசாசான் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உங்கிட்ட சொல்லவே இல்லையா? நல்ல கல்லுப்புள்ளையாரப் புடிச்சே போ! 'தான் நனைஞ்சாலும் பரவாயில்லன்னு கூட நடக்கறவளுக்குக் குடை சாய்ச்சுப் பிடிச்சாளே, அந்த மேலங்கிக்காரி, அவ போதும் எனக்கு'ன்னாரு. குடைக்கு ஆள் வெச்சும் இவளே வாங்கிப் பிடிச்சிருக்கா போலன்னு நெனச்சுக்கிட்டேன். சரிய்யா, மூஞ்சி எப்படின்னு கேட்டேன். 'மழையில நனைஞ்ச மூஞ்சி நல்லாயிருந்துச்சு'ங்கறாரு! ஊமை மாதிரி உக்காந்திருந்துட்டு என்ன பேச்சுப் பேசறாரு பாருன்னு அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பு!"

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஹிசாசான் முகத்தில் மழை படவே இல்லை. படாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

ரியோகிச்சிசான் பலகைப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹிசாசான் சிரிப்பை நிறுத்தவில்லை. கோப்பையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார், சிரித்த முகமாகவே. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் தோட்டத்து மூலையில் இருக்கும் ஜிசோ சாமியிடம் போய் நின்றேன். சிவப்புத் துணி கட்டிய சின்னக் கல்சாமி. அமிதாப புத்தரின் பெயரை நூறு முறை சொன்னேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நடந்த கல்யாணத்தை எந்தச் சாமியாலும் மாற்ற முடியாது. அந்த மனுஷன் தன் மனைவியை ஒரு தடவையாவது நேராகப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வரும் நாளில் தொப்பியை இன்னும் இறக்கிப் போட்டுக்கொள்வேன். அவர் பூப்பார்க்க வரவில்லை என்பது இப்போது எனக்குத் தெரிந்தது. குடையோடு பாலத்தில் போகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கோப்பையைப் பார்ப்பார். ஹிசாசான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மடியில் கையை வைத்துக்கொண்டு.

ஏழாவது வருஷம். அன்றைக்கு மழை இல்லை. கணவரைக் குடிசையில் விட்டுவிட்டு, நான் வாடிய பூக் கிள்ளிக்கொண்டிருந்த வரப்புக்கு வந்து ஹிசாசான் குந்தி உட்கார்ந்தார். பேர் சொல்லிப் பேசும் அளவுக்குப் பழகியிருந்தோம்.

"கினுசான், எங்க மாமியார் தெரு முழுக்க என்ன சொல்லிட்டுத் திரியறாங்க தெரியுமா? 'எம்புள்ள மாதிரி ஆம்பள உண்டா? பொண்டாட்டிய முதல்ல பாத்த எடத்துக்கு வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறான்'னு. நான் பக்கத்துல நின்னு பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டறேன்."

நான் பூக்கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அவரு பாத்தது என்னை இல்ல. கல்யாணத்தன்னிக்குத் தலைமூடிய எடுத்ததும் அவரு முகம் போன போக்குல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் போனதும் கேட்டாரு, 'அன்னிக்கு அந்த இளம் ஊதா மேலங்கி உன்னோடதா?'ன்னு. என்னோடதுதான், குடை பிடிச்ச பொண்ணு குளிர்ல நடுங்கினா, அவளுக்குப் போட்டுவிட்டேன்னேன்."

"கோச்சுக்கிட்டாரா?"

"கோச்சுக்கிட்டிருந்தா தேவலையே. 'அப்படியா'ன்னாரு. அந்த 'அப்படியா'வோடதான் இத்தன வருஷமா குடித்தனம் பண்றேன்."

"அப்பவே பெரியவங்ககிட்ட..."

"என்னன்னு சொல்றது? சீர்ப் பெட்டி வந்தாச்சு. தெருவுக்கே சிவப்புப் பயறுச் சோறு குடுத்தாச்சு. ஆளு மாறிப்போச்சு, திருப்பி அனுப்பறோம்னா, ஓகுமெசான் ஆத்துல விழுந்திருப்பாங்க. இவரும் நல்லவருதான், கினுசான். ஒரு நாள் கைய ஓங்கினதில்ல. அதட்டினதுகூட இல்ல. காலையில எதிரெதிரா உக்காந்து அவரு தட்டை சுடறாரு, நான் சோயாச் சாறு தடவறேன். ஒரு கூடை முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நிமிந்து எம்மூஞ்சியப் பாத்தா போதும். தட்டையத்தான் பாப்பாரு. கருகிடக் கூடாதாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண் எரிந்தது.

கீழே கிடந்த வாடிய பூ ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னிக்குக் குடை பிடிச்ச பொண்ணு இன்னும் இங்கதான் இருக்காளா?"

நான்கு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. நான்தான் என்று சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கழற்றினாலே போதும். ஆனால் அப்புறம் ஹிசாசான் எந்த முகத்தோடு இங்கே வருவார்? குடிசையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன ஆவார்? தேடுகிற ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் கண் திரும்பும் என்று என் சின்னப் புத்திக்குத் தோன்றியது.

"இல்லீங்க" என்றேன். "வடக்க, மலைக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்துட்டாங்க. பனி ஊரு. அவ இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டா."

"அப்படியா" என்றார் ஹிசாசான். எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் குடிசைக்குப் போனார்.

நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜிசோ சாமிக்குப் புதுச் சிவப்புத் துணி தைத்துக் கட்டினேன்.

அடுத்த ஜூன் பதினான்காம் தேதி ஹிசாசான் தனியாக வந்தார். குடிசையில் அதே இடத்தில் உட்கார்ந்து, "ரெண்டு தேநீர்" என்றார். இரண்டு கோப்பை வைத்தேன். ஒன்றைத் தன் முன்னாலும் இன்னொன்றை எதிரேயும் நகர்த்தினார்.

"அவரு...?" என்று இழுத்தேன்.

"போன வருஷம் திரும்பிப் போகும்போது ரயில்லயே சொல்லிட்டேன். அந்தப் பொண்ண பனி ஊருக்குக் கட்டிக் குடுத்துட்டாங்களாம்னு. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு. இந்த வருஷம் தேதி வந்துச்சு, அவரோட வெள்ளைக் காலுறையத் துவைச்சு எடுத்து வெச்சேன். 'கடையில வேலை கெடக்கு, நீ போய்ட்டு வா'ன்னுட்டாரு."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வருஷத்துல இந்த ஒரு நாள்தான் அவருகூட வெளிய வருவேன், கினுசான். ரயில்ல பக்கத்துல பக்கத்துல உக்காருவோம். நிலையத்துல எறங்கும்போது, பாத்து எறங்குன்னு சொல்வாரு. யாரத் தேடி வந்தா என்ன, எங்கூடத்தானே வந்தாரு."

அவர் போன பிறகு இரண்டாவது கோப்பையை எடுத்தேன். தொடாமலே ஆறிக்கிடந்தது. அதைத் தண்ணீரில் கொட்டினேன். நான் கேட்டதையும், நான் செய்ததையும், சாமி சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று அன்றைக்குப் பயம் வந்தது. மறுநாளே ரயிலேறிப் போய் அந்தக் கடை வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என் வயிற்றில் அப்போது மூத்தவன். போகவில்லை. பிறகும் போகவில்லை.

அதன் பிறகு போர் வந்தது. பூவுக்கு நிலம் எதற்கு என்று உத்தரவு வந்து, ஐரிஸை எல்லாம் தோண்டிப் போட்டுவிட்டுச் சர்க்கரைவள்ளி நட்டோம். கொஞ்சம் வேர்களை மட்டும் முதலாளி தொட்டியில் போட்டுக் கோயில் பின்புறம் ஒளித்து வைத்தார். பட்டணத்துக்காரர்கள் பட்டும் பாத்திரமுமாக மூட்டை கட்டிக்கொண்டு கிழங்குக்காக வயல்வயலாக அலைந்தார்கள். கடைசி வருஷத்து இலையுதிர் காலத்தில் ஹிசாசானும் ஒரு துணி மூட்டையோடு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கினுசான், இது ஐரிஸ் கிழங்கா?"

"அதத் தின்னா செத்துருவோம்ங்க."

"தெரியாமலா கேட்டேன்?"

சிரிக்க முயன்றோம். அரிசி இல்லாமல் கடை மூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் கூடையில் கிழங்கை அள்ளிப் போட்டேன். ஒன்றும் வேண்டாம், எடுத்துப் போங்கள் என்று கிசுகிசுத்தேன். அதற்குள் என் மாமியார் வாசலில் வந்து நின்றுகொண்டார். "சும்மா தூக்கிக் குடுக்க இதென்ன உங்கப்பன் வீட்டு வயலா?" என்றார். ஹிசாசான் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அந்த இளம் ஊதா மேலங்கி. அதை எடுத்து, மாமியார் கையில் தராமல், என் தோளில் போட்டு, கழுத்துப் பக்கம் மடிப்பைச் சரிசெய்துவிட்டார்.

"உங்களுக்குச் சரியா இருக்கு" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். அதற்குள் குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து, ஒளித்து வைத்த வேர்களைப் பிரித்துப் பிரித்து நட்டு, தோட்டம் மறுபடி பூக்க ஐந்தாறு வருஷம் ஆயிற்று. ஜனங்கள் முன்போல வருவதில்லை. சினிமா இருக்கிறது, பேஸ்பால் இருக்கிறது. வேலைநாட்களில் தோட்டத்தில் தவளைச் சத்தம்தான். ஆனால் பதினான்காம் தேதி ஹிசாசான் வந்துவிடுவார். இரண்டு தேநீர் கேட்பார். அந்தக் கிழங்கு நாளைப் பற்றி ஒரு முறை அவராகவே சொன்னார்.

"அவிச்சு வெச்சேன். நல்ல பசியில உக்காந்தாரு. எத மாத்தி வாங்கினேன்னு கேட்டாரு. இளம் ஊதா மேலங்கியன்னேன். சாப்பிடற குச்சியக் கீழ வெச்சுட்டாரு. அப்புறம் அதத் தொடல. என்னோட கல்யாணப் பட்டெல்லாம் ஒவ்வொண்ணா வித்துச் சாப்பிட்டோம், அதுக்கெல்லாம் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். அவரு பங்கையும் சேத்துச் சாப்பிட்டேன். பசி."

அவருடைய கோப்பையில் கொஞ்சம் சூடாக ஊற்றினேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது நடந்தபோது ரியோகிச்சிசானுக்குப் பக்கவாதம் வந்தது. அரை வருஷம் படுக்கை. ஹிசாசான்தான் எல்லாம். கஞ்சி ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து. பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் அந்த ஜூனில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்தில் வேறு ஒரு ஆள் இல்லை. வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள் தண்ணீரின்மேல் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஹிசாசான் கறுப்பு உடுத்தி வந்தார். நான் கோப்பைகளை எடுக்கப் போனபோது, "ஒண்ணு போதும்" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பாலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடைசி மாசம் பேச்சு கொஞ்சம் வந்துச்சு. குழறும். ஆனா எனக்குப் புரியும். இப்ப கேக்கலன்னா எப்பவும் கேக்க முடியாதுன்னு ஒரு நாள் கஞ்சி குடுக்கும்போது கேட்டுட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"அந்த மழை நாள்ல குடை மறைக்காம என் மூஞ்சியப் பாத்திருந்தா, சரின்னு சொல்லியிருப்பீங்களான்னு கேட்டேன். பொய்யாவாவது ஆமாம்பாருன்னு நெனச்சேன். சாகப்போற மனுஷன், ஒரு பொய்தானே."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நேரம் யோசிச்சாரு. நெத்தியச் சுருக்கிக்கிட்டு, நெசமாவே யோசிச்சாரு. அப்புறம், 'தெரியல. நான் பாக்கலையே'ன்னாரு."

அவர் அழவில்லை. நான்தான் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தொப்பி கழன்று விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஹிசாசான் அதை எடுத்து, ஈரத்தை உதறி, என் பக்கத்தில் வைத்தார்.

"கடைய அவரோட அண்ணன் மகன் எடுத்துக்கிட்டான். எனக்கு எடமில்ல. தம்பி வீட்டுக்குப் போறேன். மலைக்கு அந்தாண்ட, வடக்க. நீங்க சொன்னீங்களே பனி ஊருன்னு, அதுமாதிரி ஊருதான். அஞ்சு மாசம் கதவு தெறக்க முடியாதாம். தம்பி பொண்டாட்டி இப்பவே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கா, இன்னொரு வாய்க்குச் சோறு போடணும்னு."

"அடுத்த ஜூன்ல வருவீங்கதானே?"

"யாரு கூட்டிட்டு வருவா? எனக்குன்னு இந்த எடத்த வெச்சுக்கிட்டிருக்காதீங்க. வேற யாராவது உக்காரட்டும்."

நான் வீட்டுக்கு ஓடினேன். மரப்பெட்டியின் அடியிலிருந்து மேலங்கியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைப் போட்டது கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் நிழலில் காயப்போட்டு மடித்து வைப்பேன், அவ்வளவுதான். அவர் மூட்டையின் ஓரத்தைப் பிரித்து நிறத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"மெல்லிசு. அந்தக் குளிருக்கு இது தாங்காது. நீங்களே வெச்சுக்கோங்க."

பேருந்து நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று குடையை எடுத்தேன். பழைய எண்ணெய்க் காகிதக் குடை எல்லாம் எப்போதோ போய்விட்டது. இது கறுப்புத் துணிக் குடை, சின்னது. வாசலில் ஜிசோ சாமிக்கு அவர் கைகூப்பினார். நானும் கூப்பினேன். ஆற்றங்கரைச் சாலையில் மெதுவாக நடந்தோம். இப்போது சொல்லாவிட்டால் எனக்கும் எப்போதும் முடியாது என்று மனசு அடித்துக்கொண்டது. முப்பது வருஷத்து வார்த்தை. வாயைத் திறந்தால் பல் தந்தி அடித்தது, குளிரினாலா, பயத்தினாலா, தெரியவில்லை.

பேருந்து தூரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வருவது தெரிந்தது.

"ஹிசாசான், அந்தக் குடை பிடிச்ச பொண்ணு..." என்று தொடங்கினேன். மேலே வரவில்லை. "அன்னிக்கு நான் பொய்..."

அவர் என் தோளைப் பார்த்தார். குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்ததில் என் ஒரு பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. கையை நீட்டி என் கழுத்துப் பக்கம் மடிப்பைச் சரிசெய்தார். பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் பிடிச்சீங்க, கினுசான். எம்மேல ஒரு சொட்டுகூட விழல."